கிழக்குக் கடற்கரைச் சாலை ஊராட்சிகள்: புதிதாகக் குடியேறியவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் எங்கே நிற்பது?

கேள்வி: மாடிவீட்டுக்காரர்

வணக்கம். கோவளத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் ஊராட்சியில், சுற்றுச்சுவரும் காவலாளியும் உள்ள குடியிருப்பு வளாகத்தில் மூன்று ஆண்டுகளாக வசிக்கிறேன். எங்கள் வளாகத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் உள்ளன. இதே ஊராட்சியில் இதுபோல் இன்னும் நான்கு வளாகங்கள் எழும்பிவிட்டன. வீட்டு வரியை எல்லோரும் ஒழுங்காகக் கட்டுகிறோம். ஆனால் பெரும்பாலோரின் வாக்காளர் அட்டை இன்னும் சென்னையின் பழைய முகவரியில்தான் இருக்கிறது.

வளாகத்தின் வாசலைத் தாண்டினால் தெருவிளக்கு எரிவதில்லை. இரவில் கழிவுநீர் லாரிகள் பக்கத்து ஓடையில் கொட்டிவிட்டுப் போகின்றன. இதைப் பற்றி முறையிட ஊராட்சி அலுவலகத்துக்குச் சென்றபோது, அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "உங்களுக்கு இந்த ஊரில் ஓட்டு இருக்கிறதா?" என்று கேட்டார். அவர் அதிகாரி அல்லர், கோபமாகவும் கேட்கவில்லை. ஆனாலும் பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்தேன்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. அடுத்த தேர்தலைப் பற்றி எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு கருத்துகள் உள்ளன. இந்தப் பகுதி எப்படியும் ஒரு நாள் மாநகராட்சியோடு இணைந்துவிடும், அதுவரை ஊராட்சி அரசியலில் தலையிடாமல் ஒதுங்கியிருக்கலாம் என்கிறார்கள் ஒரு சாரார். நம் வாக்குகளை இங்கே மாற்றிக்கொண்டு, நம்மில் ஒருவரையே வார்டு உறுப்பினர் பதவிக்கு நிறுத்தலாம் என்கிறார்கள் மற்றவர்கள். எது முறை? ஊராட்சி நடைமுறை அறிந்தவர்களும், ஏற்கெனவே இணைக்கப்பட்ட பகுதிகளில் வாழ்பவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பழைய எழுத்தர்

ஐயா, ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தப் பெரியவர் கேட்டது வம்புக் கேள்வி அல்ல. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கிராம சபையின் உறுப்பினர். எத்தனை இலட்சம் வரி கட்டினாலும், பட்டியலில் பெயர் இல்லாதவர் அந்தச் சபையில் பார்வையாளர் மட்டுமே.

உள்ளாட்சிக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலை அடிப்படையாக வைத்தே மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டு வாரியான பட்டியலைத் தயாரிக்கிறது. ஆகவே, முகவரி மாறியவர்கள் படிவம் 8, புதிதாகச் சேர்பவர்கள் படிவம் 6 கொடுத்தால் போதும். 2025 இறுதியில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இடம்பெயர்ந்தவர்கள் என்று ஏராளமான பெயர்கள் நீக்கப்பட்டன என்பதால், உங்கள் பெயர் பழைய முகவரியிலாவது மிஞ்சியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே வீடு சொந்தமாக இருப்பது தகுதி ஆகாது. வழக்கமாக வசிப்பதுதான் தகுதி. சனி, ஞாயிறு மட்டும் வந்து போகிற கடற்கரை வீட்டுக்காரர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

ஒதுங்கியிருக்கலாம் என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். உங்கள் ஊராட்சியின் வார்டுகள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் பிரிக்கப்பட்டவை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டது. நிதிக்குழு மானியத்துக்கும் 2011-ஆம் ஆண்டின் தலை எண்ணிக்கையே அடிப்படை. அப்போது சவுக்குத் தோப்பாக இருந்த இடத்தில் இன்று நீங்கள் ஐந்து வளாகங்களாகக் குடியிருக்கிறீர்கள். ஆனால் மானியக் கணக்கில் அது இன்னும் சவுக்குத் தோப்புதான். குப்பை கூடியிருக்கிறது, தண்ணீர்த் தேவை கூடியிருக்கிறது, கழிவுநீர் லாரி கூடியிருக்கிறது. ஊராட்சிக்குக் கூடியது உங்கள் வீட்டு வரியும் கட்டட அனுமதிக் கட்டணமும் மட்டுமே. அந்தப் பணம் எங்கே செலவாகிறது என்று கேட்கக்கூடிய இடம் கிராம சபை. அது சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது. மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கூட்டத்துக்குக் குறைவெண் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்த அளவு வருகை) நிறைவேறும். என் அனுபவத்தில், அந்த எண்ணிக்கையைப் பெரும்பாலும் நிரப்பியவர்கள் குப்பத்துப் பெண்களும் காலனிப் பெண்களும்தான். வளாகங்களிலிருந்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஊரகத் தேர்தலில் ஒரே நேரத்தில் நான்கு வாக்குச்சீட்டுகள் கையில் தருவார்கள்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். முதல் இரண்டும் கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல்கள். தலைவரை நீங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறீர்கள். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், அந்தத் துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். ஆகவே வார்டு உறுப்பினர் பதவி சிறியது என்று எண்ண வேண்டாம்.

பதில் 2: கரைவலை

பழைய எழுத்தர் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் மணலில் நிற்பவன். குப்பத்துப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

எங்களுக்கு ஊராட்சி வருவதற்கு முன்பே ஊர் இருந்தது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, கோயில் திருவிழாவையும் கடல் வழக்கையும் ஊர்க்கூட்டமே தீர்த்து வந்திருக்கிறது. எந்த வலையை எந்த நாளில் கடலில் இறக்கலாம், கூடாது என்பதுகூட அங்கேதான் முடிவாகும். அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது என்பது எங்கள் பக்கத்துக் குறை. அதை மறைக்க விரும்பவில்லை. உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்த பிறகுதான், கரையில் மீன் விற்கிற பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். தேர்தல் வந்தால் இன்னாருக்குப் போடுவது என்று ஊர் கூடிப் பேசி வைப்பதும் உண்டு. பதவியை ஏலம் விடுகிற சில ஊர்களின் கேவலத்தோடு தயவுசெய்து இதைச் சேர்க்காதீர்கள். அது தண்டனைக்குரிய குற்றம், எங்கள் கூட்டம் வெறும் பேச்சுதான், சீட்டில் முத்திரை குத்தும்போது அவரவர் மனம்தான்.

இப்போது உங்கள் இரண்டாவது யோசனைக்கு வருகிறேன். நூறு வீடு என்றால் இருநூறு, இருநூற்றைம்பது வாக்குகள். 2011 கணக்கில் பிரித்த வார்டில் அது பெரும்பான்மையாகிவிடும்; உங்கள் ஆள் வென்றுவிடுவார். அதில் எனக்கு வருத்தமில்லை, வசிப்பவர்கள் வாக்களிக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் தெருவிளக்கை மட்டும் பேசுவாரா, கரையையும் பேசுவாரா? உங்கள் வளாகத்துக்கும் கடலுக்கும் இடையில் உள்ள மணல்தான் எங்கள் படகு ஏறுகிற இடம், வலை காய்கிற இடம், வலை பழுது பார்க்கிற இடம். பட்டா கேட்டால் எங்களிடம் இல்லை. வரைபடத்தில் அது காலியிடம். காலியாக இருப்பதால் நடைபாதையும் பூங்காவும் போடலாம் என்று யாருக்கும் தோன்றும்.

2019-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைப் படித்துப் பாருங்கள். ஊரகக் கடலோரத்தில், 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் அடர்த்தி இருந்தால், கட்டடம் கூடாத பகுதியை உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குப் பதில் 50 மீட்டராகக் குறைத்துக்கொள்ள அது இடம் தருகிறது. நகர எல்லைக்குள் நெருங்கக் கட்டப்பட்ட பகுதி என்றால் வேறு வகை, வேறு விதி. ஆகவே ஊராட்சியா மாநகராட்சியா என்பது உங்களுக்குக் குப்பை வண்டி வருகிற கேள்வி. எங்களுக்கோ எங்கே படகை ஏற்றுவது என்கிற கேள்வியோடும் முடிச்சு போட்டிருக்கிறது. இங்கே மீன்வளத்தையும் கரையையும் பேசுவதற்குச் சட்டப்படி எங்களுக்கு இருக்கிற ஒரே பொதுமேடை கிராம சபை. அங்கே நீங்களும் வந்து உட்கார்ந்தால், ஓடையில் லாரி கொட்டுகிற விஷயத்தில் உங்களுக்கு முன்னால் நாங்கள் கை தூக்குவோம். அந்த ஓடை வந்து சேர்வது எங்கள் கரையில்தான்.

மாடிவீட்டுக்காரர்

மிக்க நன்றி. கரைவலை அவர்கள் எழுதியதைச் சங்கத்தின் குழுவில் பகிர்ந்தேன். சிலர் சங்கடப்பட்டார்கள், ஒருவர் கோபப்பட்டார். எங்கள் வளாகத்தின் பின்வாசல் வழியாகக் கடற்கரைக்குச் செல்லும் பாதையை இரவில் பூட்டிவைக்கிறோம். அது எங்கள் தனிப்பட்ட பாதை என்றுதான் கட்டுநர் வீடு விற்கும்போது சொன்னார். இதுவும் இந்தப் பேச்சோடு சேர்ந்ததுதானா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். மாநகராட்சியோடு இணைந்த பகுதிக்காரர்கள் யாரும் இன்னும் எழுதவில்லை.

பதில் 3: உப்புக்காற்று

நான் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஒரு கடலோரப் பகுதியில் இருக்கிறேன். அந்த ஆண்டு 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் சேர்ந்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆக விரிந்தது. எங்களுக்குக் கிடைத்தவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்: குப்பை அன்றாடம் எடுக்கப்படுகிறது, சாலைகள் மேம்பட்டன, விளக்கு எரியவில்லை என்றால் தொலைபேசியில் புகார் பதிய முடிகிறது.

இழந்ததைச் சொல்கிறேன். 2011-இல் தேர்வான மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, பிறகு வழக்குக்கு மேல் வழக்காக நீண்டு, 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வாக்களித்தோம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எங்களுக்கு மாமன்ற உறுப்பினர் என்று ஒருவரே இல்லை. தனி அலுவலர் ஆட்சி. அந்த இடைவெளியில்தான் கோவளம் வடிநிலத்துக்கான மழைநீர் வடிகால் திட்டம், ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு எங்கள் பக்கம் வந்தது. எங்கள் மண் மணல். மழை பெய்தால் நீர் தானாக உள்ளே இறங்கி, கிணற்றில் உப்பு ஏறாமல் காக்கிறது. அந்த நீரைக் கான்கிரீட் கால்வாயில் பிடித்துக் கடலுக்கும் கழிமுகத்துக்கும் அனுப்பத் திட்டமிட்டால் எங்கள் கிணறுகள் என்னாகும் என்று குடியிருப்போரும் மீனவர்களும் கேட்டார்கள். கேட்பதற்கு மன்றமும் இல்லை, கிராம சபையும் இல்லை. முடிவில் பசுமைத் தீர்ப்பாயத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

தேர்தல் வந்த பிறகாவது நாங்கள் விழித்துக்கொண்டோமா என்றால், அதுவும் இல்லை. மாநில நகர்ப்புறத் தேர்தலில் சராசரியாக 60 விழுக்காடு வாக்கு பதிவானபோது, சென்னையில் சுமார் 43 விழுக்காடுதான். சில வாரங்களில், ஏப்ரல் தொடக்கத்திலேயே சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. 2011-இல் சேர்ந்த பகுதிகளுக்கு வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 விழுக்காடு வரை. வாக்களிக்கப் போகாதவர்கள்தான் என் தெருவில் அதிகம் புலம்பினார்கள் என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஊராட்சியில் நான்கு வாக்கு. மாநகராட்சியில் ஒரே ஒரு வாக்கு, அதுவும் மாமன்ற உறுப்பினருக்கு மட்டும். மேயரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராம சபைக்கு ஈடாகப் பகுதி சபை என்ற ஒன்றுக்கு 2022-இல் விதிகள் வந்தன. அதன் பொறுப்பாளர்கள் நியமிக்கப்படுபவர்கள், தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் அல்லர். 2025 தொடக்கத்தில் பல ஊராட்சிகளை நகர்ப்புற அமைப்புகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பியதற்கு, வரி உயரும், ஊரக வேலைத் திட்டம் போய்விடும் என்ற அச்சம் முதற்காரணம். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே, இணைப்பு வரட்டும் என்று காத்திருக்கும் உங்கள் சங்கத்தினரிடம், அது வந்த பிறகு வாக்கு இருப்பவருக்கும் பேச்சிடம் சுருங்கிவிடும் என்று சொல்லுங்கள்.

பழைய எழுத்தர்

பாதை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், அதில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பொதுச் சாலைகளும் அப்படியே. கட்டுநர் வாயால் சொன்னது செல்லாது. சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கச் சான்று எடுத்தால் தானப்பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலையும் கூடவே வாங்குங்கள். அந்தப் பாதை ஊராட்சிக்குத் தானமாக எழுதப்பட்டிருந்தால், பூட்டுவதற்கு உங்கள் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை.

மாடிவீட்டுக்காரர்

வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டேன். இதற்கிடையில் வளாகத்தில் வீடு வீடாகப் போய்ப் பட்டியலைச் சரிபார்த்தோம்: இதுவரை பார்த்த அறுபத்து நான்கு வீடுகளில் இந்த ஊராட்சியில் வாக்கு உள்ளவர்கள் பதினொரு பேர்தான், அதில் நான் இல்லை. படிவம் 8 நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். வேட்பாளரை நிறுத்தும் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். கரைவலை அவர்களே, அடுத்த கிராம சபைக்கு நாங்கள் சிலர் பார்வையாளர்களாகவாவது வரலாம் என்றிருக்கிறோம். கூட்டம் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று தெரிவிக்க முடியுமா?

கரைவலை

நோட்டீசில் காலை பதினொரு மணி என்று போடுவார்கள். பள்ளிக்கூடத் திடலில்தான் நடக்கும். அன்று கடலுக்குப் போனவர்கள் அதற்குள் கரை திரும்பிவிடுவார்கள். பாதையைத் திறந்துவிட்டால், உங்கள் பின்வாசலிலிருந்து மணலோரமாகவே ஐந்து நிமிடத்தில் நடந்து வந்துவிடலாம்.