நைசின் எண்கள் ஆடுகின்றன: பொலிபுரொப்பிலீன் தட்டு யாரிடமாவது உண்டா?

வணக்கம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நுண்ணுயிரியல் ஆய்வுகூடங்களில் இருப்பவர்களிடம் ஓர் உதவி. எருமைத்தயிர் பற்றீரியாவின் பெப்தைட்டை (சிறு புரதத் துண்டு) நைசினோடு ஒப்பிடுகிறோம். நைசினும் பற்றீரியாவைக் கொல்லும் ஒரு பெப்தைட்டுத்தான், உணவு பழுதாகாமல் காக்கச் சேர்ப்பது. ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் பற்றீரியாவுக்கு எதிராக நைசினின் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு (வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவு) ஒருநாள் 4, மறுநாள் 32 மைக்ரோகிராம்/மில்லிலீற்றர். தட்டில் குழிக்குக் குழி செறிவைப் பாதியாக்கும் இரட்டிப்பு ஐதாக்கலில் ஒரு குழி முன்பின் வரலாம், மூன்று குழி வரக்கூடாது.

விதைப்பு மில்லிலீற்றருக்கு 5 இலட்சம் கலங்கள், 35 பாகை, 18 மணித்தியாலம். தூளில் நைசின் 2.5 சதவீதம்தான், மிச்சம் பெரும்பாலும் உப்பு. அதைக் கழித்துத்தான் கணக்கிட்டோம். கரைத்தது 0.02 மோலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில்.

முதல் சந்தேகம் தட்டில். நைசின் போன்ற நேரேற்றப் பெப்தைட்டு, வழமையான தட்டின் பிளாஸ்ரிக்கான பொலிஸ்ரைரீனில் ஒட்டிக்கொள்ளும். செறிவு குறைந்த குழியில் இழப்பு விகிதம் கூட. அடுத்தது கலச்சுவர். பற்றீரியாவின் டிஎல்டி (dlt) மரபணுக்கள், சுவரிலுள்ள தைகோயிக் அமிலத்தில் டி-அலனைன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தால் சுவரின் மறையேற்றம் குறையும், நைசினுக்குப் பிடிப்பும் குறையும். பழைய வளர்ப்பு, புதிய வளர்ப்பு என்று மாறி மாறி எடுத்ததும் காரணமாகலாம்.

(ஈ. கோலையில் நைசின் வேலை செய்யாதது பிழையல்ல, வெளிமென்சவ்வு மறிக்கிறது. அந்த மென்சவ்வைத் தளர்த்த ஈடிடிஏ (EDTA, உலோக அயன்களைப் பிடிக்கும் சேர்வை) சேர்ப்பவர்கள் ஈடிடிஏ மட்டும் உள்ள குழியும் வையுங்கள். அதுவே வளர்ச்சியைத் தடுக்கக்கூடியது.)

தேவை: 96 குழிப் பொலிபுரொப்பிலீன் தட்டு இரண்டு, ஏரிசிசி (ATCC) 29213 என்ற நியம ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸின் புதிய வளர்ப்பு. சுவரின் ஏற்றத்தைப் பார்க்க, நேரேற்றப் புரதமான சைற்றோகுரோம் சி கலங்களில் எவ்வளவு பிணைகிறது என்று அளந்தவர்கள் (கலங்களைச் சுழற்றி இறக்கி மேல்திரவத்தை 530 நனோமீற்றரில் வாசிக்கும் முறை), சைற்றோகுரோம் சி சேர்க்குமுன் கலங்களை எத்தனை தரம் கழுவினீர்கள் என்றும் சொல்லுங்கள். வந்தாறுமூலை, ஒலுவில் எங்கென்றாலும் வந்து எடுப்போம்.