தலைவர்கள் ஆவணப்படத்தில் நடிகர்கள் எதற்கு?

கோட்டையூரான்:
நேற்று ராத்திரி ஒரு சேனலில் காந்தியைப் பற்றி ஆவணப்படம் போட்டார்கள். தண்டி யாத்திரைக்கு முந்தின இரவு, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் காந்தி வேடம் போட்ட நடிகர் கஸ்தூர்பாவிடம் தன் பயத்தைச் சொல்லி அழுகிறார். எந்தக் கடிதத்தில், எந்த நாட்குறிப்பில் இருக்கிறது இது? 'கற்பனை' என்று ஓரத்தில் ஒரு வார்த்தைகூடப் போடவில்லை. ஆவணப்படத்தில் நடிகர்களே கூடாது என்பதுதான் என் கட்சி.

வரலாற்று டீச்சர்:
அடியோடு கூடாது என்றால் எப்படி சார்? நம் அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையின் விவாதங்கள் சொல்லுக்குச் சொல் அச்சில் இருக்கின்றன. ஆனால் முழுக்கப் படம் பிடிக்கப்படவில்லை. இயக்குநர் ஷியாம் பெனகல் அந்த அச்சுப் பதிவை வைத்துத்தான் 2014-இல் ராஜ்யசபா டிவிக்காக 'சம்விதான்' தொடரை 10 பகுதிகளாக எடுத்தார். சச்சின் கேடேகர்தான் அம்பேத்கர். 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் பேசிய காட்சியை வகுப்பில் போட்டு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். அரசியலில் எல்லோருக்கும் ஒரே மதிப்புள்ள ஓட்டு, ஆனால் சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்று அவர் எச்சரித்த இடம். கடைசி பெஞ்சில் எப்போதும் தலை கவிழ்ந்தே இருக்கும் பையன் எழுந்து, "இன்னும் அப்படித்தானே டீச்சர் இருக்கு?" என்றான். பாடப்புத்தகத்தின் அதே பத்தியை நான் மூன்று வருஷம் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒருவர்கூட வாய் திறந்ததில்லை.

கோட்டையூரான்:
சரி, அச்சில் உள்ள பேச்சை நடிகர் பேசட்டும், ஒப்புக்கொள்கிறேன். மூடிய அறைக்குள் நடந்ததை எப்படி எடுப்பீர்கள்? எங்கள் ஊர் ஏ.கே. செட்டியார் காந்தி படத்துக்காகச் சுமார் 1 லட்சம் மைல் அலைந்து 50,000 அடி படச்சுருள் சேர்த்தார். 1940-இல் படம் வந்தது. கிடைத்ததைக் காட்டினார். கிடைக்காததை நடிக்க வைக்கவில்லை.

எடிட்டர் பாண்டி:
அண்ணே, பழைய படச்சுருளும் முழு உண்மை கிடையாது. தண்டி யாத்திரையை 1930-இல் எடுத்த படங்கள் ஊமைப்படங்கள். இன்றைக்கு டிவியில் கேட்கும் கோஷமும் காலடிச் சத்தமும் ஸ்டுடியோவில் சேர்த்தவை. வேகத்தைச் சரிசெய்யாமல் ஓட்டினால் காந்தி பொம்மைபோல ஓடுவார். நானே ஒரு நிகழ்ச்சிக்கு அலைச் சத்தம் சேர்த்திருக்கிறேன். யாரும் கேள்வி கேட்கவில்லை.

கோட்டையூரான்:
தம்பி, அலைச் சத்தம் சேர்த்தால் காந்தியின் குணம் மாறிவிடாது. அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்தால் மாறிவிடும்.

வரலாற்று டீச்சர்:
அதற்குத்தான் படம் முடிந்ததும் மாணவர்களிடம், "இதை யார் எழுதி வைத்தார்கள்? எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறேன். தேடிக் கண்டுபிடித்து வருகிறார்கள். பார்க்கவே கூடாது என்று சொல்லியிருந்தால் தேடியே இருக்க மாட்டார்கள்.

கோட்டையூரான்:
உங்கள் வகுப்பில் நீங்கள் இருக்கிறீர்கள் டீச்சர். வீட்டில் டிவி பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? நேற்று என் அம்மா அந்தக் காட்சியைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்று காலை பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம், "பாவம், காந்தி அன்னைக்கு ராத்திரி எப்படி அழுதிருக்கார் தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.