மின் கேள்வியை எதிர்வுகூறும் அரச பதவி: துணிந்து போகலாமா?

கொட்டியாரத்தான்:
நான் மூதூர் கிழக்கைச் சேர்ந்தவன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பொறியியல் பீடத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தேன். 2016இல் அது கைவிடப்பட்டது. இப்போது அதே சம்பூரில் சூரிய மின்நிலையம் என்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் நாட்டுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், அதாவது மின் கேள்வி எவ்வளவு, என்பதை யார் கணக்கிடுகிறார்கள் என்ற ஆவல் அதிலிருந்தே எனக்குப் பிறந்தது. அதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். "சாத்திரம் பார்க்கவா பொறியியல் படித்தாய்?" என்று மாமா கேட்கிறார். அனுபவமுள்ளோர் வழிகாட்டுவீர்களா?

உவர்மலைவாசி:
தம்பி, மாமாவின் கேள்வியை நானும் முப்பது ஆண்டுகள் கேட்டேன். மின்சார சபையில் பொறியியலாளராகச் சேர்ந்து, திட்டமிடல் பிரிவுக்கு மாற்றலாகிப் போவதே வழமையான பாதை. சபையைத் தனி நிறுவனங்களாகப் பிரிக்க 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்திருப்பதால், விண்ணப்பிக்கும் காலத்தில் அப்பிரிவு எதன் கீழ் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தி, சனத்தொகை, பாவனையாளர் எண்ணிக்கை ஆகியவற்றோடு கடந்தகால மின்பாவனையைப் பொருத்தி வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தனித்தனியே கணித்து, மின்கம்பிகளில் வழியில் வீணாகும் கடத்தல் இழப்பையும் சேர்த்தே உற்பத்தித் தேவையைக் காண்கிறோம். அதை வைத்து எழுதப்படும் இருபதாண்டுத் திட்டம், மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அனுமதிக்குப் போகும்.

கணக்கு கடினமன்று, அதைக் காப்பாற்றுவதுதான் கடினம். நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், வளர்ச்சி வீதத்தைச் சற்று உயர்த்திப் போடும்படி மேலதிகாரி ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். எழுத்தில் தாருங்கள் என்றேன். எழுத்தும் வரவில்லை, என் பதவி உயர்வும் இரண்டு ஆண்டுகள் வரவில்லை. சம்பூர் நிலக்கரித் திட்டத்தைத் தொடரப்போவதில்லை என்று அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் அறிவித்ததே, அது மின் கேள்வி குறைந்ததால் எடுத்த முடிவன்று. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதற்கும், எரிபொருள் வாங்க டொலர் இல்லாமையே பெருங்காரணம். அதை நம்முடைய எந்த வளைகோடும் காட்டவில்லை. ஆயினும் வசை மட்டும் நமக்குத்தான் வந்தது.

தரவுப்பித்தன்:
ஐயா சொன்னவற்றோடு ஒன்று சேர்க்கிறேன். முன்பெல்லாம் இரவு ஏழு மணியளவில் வரும் உச்சக் கேள்வியைச் சரியாகக் கணித்தால் போதும். இப்போது ஆகக் குறைந்த கேள்வியையும் கணிக்க வேண்டியிருக்கிறது; கேள்வி குறைந்து சூரிய மின்சாரம் மிகும்போது, மின்வலையமைப்பு சிறு கோளாறையும் தாங்காது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாவனை குறைந்து கூரைச் சூரிய மின்சாரம் மிகுந்திருந்த வேளையில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதும் மின்சாரத்தை நிறுத்தியது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரிய மின்தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி உரிமையாளர்களிடம் கேட்டார்கள். ஆகவே காலப்போக்கில் பதிவான தரவை ஆராயும் நேர வரிசைப் பகுப்பாய்வோடு வானிலைத் தரவையும் கையாளப் பழகுங்கள்.

நிலாவெளியாள்:
அமெரிக்காவில் இப்பணிக்கென்றே எரிசக்தித் தகவல் நிர்வாகம் உண்டு. 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன் தலைவரை ஜனாதிபதி நியமித்தாலும், அறிக்கைகளை வெளியிட வேறெந்த அதிகாரியின் ஒப்புதலும் அதற்குத் தேவையில்லை. முதல் தலைவரான லிங்கன் மோசஸ் ஒரு புள்ளிவிபரவியலாளர். தமது பழைய எதிர்வுகூறல்கள் எந்த அளவுக்குப் பிழைத்தன என்பதை அவர்களே ஒப்பிட்டு வெளியிடுகிறார்கள். உவர்மலை ஐயாவுக்கு அப்படியொரு சட்டம் இருந்திருந்தால், எழுத்தில் கேட்க வேண்டிய தேவையே வந்திராது.

கொட்டியாரத்தான்:
அனைவருக்கும் நன்றி. எமது இருபதாண்டுத் திட்டங்களில் பழைய இரண்டை எடுத்து, அவை சொன்னதையும் நடந்ததையும் ஒப்பிடுவதையே இறுதியாண்டு ஆய்வாகக் கொள்ள எண்ணுகிறேன். உவர்மலை ஐயா, அடுத்த மாத விடுமுறையில் ஊருக்கு வரும்போது தங்களை வந்து சந்திக்கலாமா?

உவர்மலைவாசி:
தாராளமாக வாருங்கள். பழைய திட்ட நூல்கள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. கறையான் தின்றது போக மீதியைத் தருகிறேன்.