தஞ்சோங் பகார் முன்னோடிகளையும் அந்த வட்டாரத்தையும் எவ்வாறு சிறப்பிப்பது?

முன்னாள் தஞ்சோங் பகார்வாசி:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தஞ்சோங் பகாரின் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பிலும் அதையொட்டிய கடைவீடுகளிலும் வளர்ந்து, இன்று தீவின் பல மூலைகளில் வாழும் நாங்கள் சிலர், அங்கிருந்த தமிழர்களுக்குத் தொண்டாற்றியவர்களைப் பாராட்டி ஒரு நிகழ்ச்சி நடத்த எண்ணியுள்ளோம். பொன்னாடை, கேடயம், விருந்து என்ற வழக்கமான முறையே போதும் என்கின்றனர் குழுவில் பாதிப்பேர். எனக்கு அதில் மனநிறைவு இல்லை. அந்த மனிதர்களோடு அந்த வட்டாரத்தையும் சிறப்பிக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் நாங்கள் வாழ்ந்த வரிசை வீடுகள் இப்போது இல்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது, இல்லாமற்போன இடத்தை எப்படிக் கௌரவிப்பது என்று வழிகாட்டுங்கள்.

பழைய ஏடுகள்:
முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிங்கப்பூரில் ஒரு வட்டாரத்துக்குக் கிடைக்கும் அதிகாரபூர்வ மதிப்பு பெரும்பாலும் கட்டடத்தைச் சார்ந்தே அமைகிறது. லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், சைனாடவுன் முதலியவை 1989ஆம் ஆண்டில் பழைய கட்டடங்களை இடிக்காமல் காக்கும் மரபுப் பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டபோது காப்பாற்றப்பட்டவை கடைவீடுகள்தாம். அவற்றின் மாடிகளில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களின் நினைவு தானாகக் காப்பாற்றப்பட்டுவிடவில்லை. தொழிலாளர் குடியிருப்புகளின் நிலை இன்னும் கடினம், ஏனெனில் அங்கு சுவரும் மிஞ்சவில்லை.

இடம் மறைந்தாலும் பெயரை வாழவைக்க முடியும் என்பதற்கு உங்கள் வட்டாரத்திலேயே நல்ல சான்று உண்டு. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946ஆம் ஆண்டில் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி, பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் 1982இல் மூடப்பட்டது. ஆயினும் அடுத்த ஆண்டு தொடங்கிய தமிழ்மொழி நிலையத்துக்கு அந்தப் பெயரே சூட்டப்பட்டதால், இன்று அங்கு தமிழ் படிக்கும் பிள்ளைகள் அதை நாள்தோறும் சொல்கிறார்கள். எந்தக் கேடயத்தாலும் இதைச் செய்திருக்க முடியாது. தெலுக் ஆயர் தெருவில் உள்ள நாகூர் தர்காவும் அப்படித்தான்: 1974இல் தேசிய நினைவுச் சின்னமான அக்கட்டடம், 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகச் செயல்பட்டு, கட்டடத்தோடு சமூகத்தின் கதையையும் சொல்லி வருகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
யாரைச் சிறப்பிப்பது என்ற கேள்விக்கு என் கருத்து: வகித்த பதவியைப் பார்க்காதீர்கள், செய்த காரியத்தைக் கேளுங்கள். தமிழவேள் கோ. சாரங்கபாணியை நாம் இன்றும் நினைப்பது அவர் எந்தச் சங்கத்தில் என்ன பொறுப்பில் இருந்தார் என்பதற்காகவா? 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். 1952இல் தமிழர் திருநாளைக் கொண்டாடச் செய்து, சமய வேறுபாடு பாராமல் தமிழர்களை ஒரே மேடைக்கு அழைத்தார். ஐம்பதுகளில் குடியுரிமை பெறும்படி நம் மக்களை விடாமல் வற்புறுத்தினார். அந்தக் காரியங்களின் பயனை அனுபவித்தவர்கள் இருந்தார்கள், அதனால் பெயர் நிலைத்தது.

தேசிய தின விருதுகளில் ஒன்றான பொதுச் சேவைப் பதக்கம் 1973இல்தான் ஏற்படுத்தப்பட்டது. அதற்கு முன்பு, பகல் முழுவதும் துறைமுகத்தில் உழைத்துவிட்டு இரவில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களுக்கும், ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்களுக்கும், உறவினர் யாருமின்றி இறந்தவருக்கு ஈமச்சடங்கு செய்ய வீடு வீடாகச் சென்று பணம் திரட்டியவர்களுக்கும் பதக்கம் ஏது? உங்கள் பட்டியல் அவர்களிடமிருந்து தொடங்கட்டும். அத்துடன், சங்கத்தின் நிர்வாகக் குழுப் படத்தில் இடம்பெறாத பெண்களையும் தயவுசெய்து தேடுங்கள். திருவிழா நாளில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைத்தவர்களையும் அண்டை வீட்டுப் பிரசவத்துக்கு நள்ளிரவில் ஓடியவர்களையும் எந்த ஆண்டறிக்கையும் குறித்து வைக்கவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு மனம் கனக்கிறது, ஏனெனில் அவர்களை நேரில் கண்டவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டனர்.

கடையநல்லூர் வழிவந்தவன்:
ஆசிரியை அம்மா சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்துவர்களும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்த வட்டாரம் அது, தேர்வுக் குழுவிலும் மூன்று தரப்பினரும் இருக்க வேண்டும். நோன்பு மாதத்தைத் தவிர்த்துத் தேதி குறியுங்கள்.

பழைய ஏடுகள்:
இன்னொரு செய்தி. நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸுடன் 1819இல் பினாங்கிலிருந்து வந்த தமிழரான நாராயண பிள்ளை செங்கற்சூளை அமைத்தது தஞ்சோங் பகாரில்தான். 2019இல் ராஃபிள்ஸ் வருகையின் இருநூறாம் ஆண்டு நிறைவையொட்டி அவருக்குச் சிங்கப்பூர் ஆற்றோரம் சிலை வைக்கப்பட்டபோது பலரும் முதன்முறையாக அவரைப் பற்றிப் பேசினார்கள். அதுவரை அவர் நினைவைத் தாங்கி நின்றது, அவர் முயற்சியால் 1827இல் எழுந்த சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். எனவே உங்கள் நிகழ்ச்சியை ஒரு நடையாக அமைத்துப் பாருங்கள். கோயிலில் தொடங்கி, ஜாமியா சூலியா பள்ளிவாசல் வழியாகத் தர்காவுக்குச் சென்று, பின்னர் துறைமுகப் பக்கம் திரும்பி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அங்கு தொண்டாற்றிய ஒருவரைப் பற்றி அவரை அறிந்தவரே பேசட்டும். முதியோருக்கு வாகன வசதி அவசியம். அவர்களின் பேச்சைத் தெளிவாக ஒலிப்பதிவு செய்து, பெயரும் ஆண்டும் இடமும் குறித்து, ஒரு பிரதியை ஆவணக் காப்பகத்துக்கு அளிக்க முன்வாருங்கள்.

முன்னாள் தஞ்சோங் பகார்வாசி:
மிக்க நன்றி. குழுவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். விருந்துக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை ஒலிப்பதிவுக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்கள். பொன்னாடை மட்டும் இருக்கட்டும் என்றார்கள், அதில் எனக்கும் மறுப்பில்லை. முதியோரைப் பேட்டி கண்டு ஒலிப்பதிவு செய்து முடித்த பிறகே நிகழ்ச்சித் தேதியை முடிவு செய்வோம். துறைமுகக் குடியிருப்பின் படங்களோ உமறுப்புலவர் பள்ளியின் ஆண்டு மலர்களோ வைத்திருப்பவர்கள் இங்கேயே தெரிவித்தால், வீட்டுக்கு வந்து நகலெடுத்துக்கொண்டு மூலப்பிரதியை அங்கேயே திருப்பித் தந்துவிடுவோம்.