ஆட்டுக்குத் தடுப்பூசி போட்டும் கிரவுஸ் குஞ்சுகள் சாவது ஏன்?

வெட்னரி_நிலா (கேள்வி):
ஸ்காட்லாந்தின் ஹெதர் புதர் மூடிய மேடுகளில், உண்ணி மூலம் பரவி, செம்மறி ஆடுகளையும் வேட்டைப் பறவையான ரெட் கிரவுஸையும் கொல்லும் லூப்பிங் இல் வைரஸ் பற்றி இரண்டு சந்தேகம். செம்மறியும் கிரவுஸும்தான் ரத்தத்தில் வைரஸை அதிகம் பெருக்குகின்றன என்றால், மந்தை முழுவதற்கும் தடுப்பூசி போட்டதுமே தொற்றுச் சுற்று அறுந்துபோக வேண்டும். ஆனால் ஆடுகள் நன்றாக இருந்தும் குஞ்சுகள் சாகிற மேடுகள் இருக்கின்றன. ஏன்? அடுத்தது, ஆகஸ்ட் வேட்டையில் சுடப்படும் இளம் பறவைகளில் 15 சதவீதத்துக்கு மட்டும் ஆன்டிபாடி (தொற்று வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்புப் புரதம்) இருந்தால் நோய் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

சீரம்பெட்டி:
இரண்டாவதற்கு என் பதில்: கூடாது. சோதனைக்கூடத்தில் வைரஸ் செலுத்தப்பட்ட கிரவுஸில் ஏறக்குறைய 80 சதவீதம் செத்தன. அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். 100 குஞ்சில் 50க்குத் தொற்று. அதில் 40 சாகும், 10 பிழைத்து ஆன்டிபாடியோடு இருக்கும். தொற்றே வராத 50 சேர்த்து ஆகஸ்ட்டில் மிஞ்சுவது 60. 60க்கு 10 என்றால் 17 சதவீதம். உங்கள் '15 சதவீதம்' என்பது ஏறக்குறைய பாதிக் குஞ்சுகளுக்குத் தொற்று வந்ததன் மிச்சம். பிழைத்தவற்றை மட்டும் எண்ணுகிறோம் என்பதை மறந்தால் இந்த எண் ஏமாற்றிவிடும்.

இளம் பறவையையும் முதிர்ந்ததையும் தனித்தனியாகக் குறித்து மாதிரி எடுங்கள். முதிர்ந்தவற்றின் ஆன்டிபாடி முந்தைய ஆண்டுகளின் தொற்றாகவும் இருக்கலாம். செத்த குஞ்சு கிடைத்தால் மூளையில் பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) செய்வதே உறுதியான வழி. மனிதருக்கும் தொற்றி மூளைக்காய்ச்சல் தரக்கூடிய வைரஸ் இது. மண்டையை வெளியில் வைத்துத் திறக்காமல் குஞ்சை முழுதாகக் குளிர்பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

உண்ணிக்காடு:
முதல் கேள்விக்கு வருகிறேன். இக்ஸோடஸ் ரிசினஸ் உண்ணிக்கு வாழ்நாளில் மூன்றே உணவு: லார்வாவாக (முட்டையிலிருந்து வந்த முதல் பருவம்) ஒன்று, நிம்ஃபாக (அடுத்த இளம் பருவம்) ஒன்று, வளர்ந்த பெண்ணாக ஒன்று. லார்வாவும் நிம்ஃபும் கிரவுஸ் குஞ்சின் கண்ணோரத்திலும் தாடையிலும் ஒட்டிக் குடிக்கும். வளர்ந்த பெண் உண்ணிக்குப் பெரிய உடல் வேண்டும்: செம்மறி, சிவப்பு மான், மலை முயல். கிரவுஸ் மட்டும் இருக்கிற மேட்டில் உண்ணி இனமே நீடிக்காது.

தடுப்பூசி ஆட்டின் ரத்தத்தில் வைரஸ் பெருகாமல் தடுக்கும், உண்ணியைக் கொல்லாது. ஊசி போட்ட ஆட்டிலும் பெண் உண்ணி வயிறு நிறையக் குடித்து விழுந்து 2,000 முட்டை வரை இடும். மலை முயல் இன்னும் சிக்கல்: அதன் ரத்தத்தில் வைரஸ் அதிகம் ஏறாமலேயே, பக்கத்தில் பக்கத்தில் குடிக்கும் உண்ணிகளுக்கு இடையே தோல் வழியாக வைரஸ் கைமாறும். மானின் பங்கு உண்ணியைப் பெருக்குவதோடு சரி, அதுவே போதும்.

குஞ்சுகள் உண்ணியைக் கொத்தி விழுங்குவதாலும் தொற்று வரும். முதல் பருவத் தொற்றில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் வரக்கூடும் என்ற கணிப்பும் உண்டு. ஆகவே குஞ்சின் உடம்பில் எண்ணிய உண்ணிகளை மட்டும் நம்பாதீர்கள்.

வெட்னரி_நிலா:
நன்றி, இப்போது புரிகிறது. அப்படியானால் ஆட்டுக்கு உண்ணிக்கொல்லி ஊற்றுவதுதானே முக்கியம்? அது எங்கே தோற்கிறது?

மேய்ச்சல்மேடு:
பெரும்பாலும் மந்தையைத் திரட்டுவதில். பைரித்ராய்டு என்ற உண்ணிக்கொல்லி மருந்தை முதுகுத்தண்டு நெடுக ஊற்றி, லேபிள் சொல்லும் இடைவெளியில், பொதுவாக 6 வாரத்துக்கு ஒருமுறை, மார்ச் கடைசியிலிருந்து இலையுதிர்காலம் வரை திரும்பச் செய்ய வேண்டும். பத்தில் இரண்டு ஆடு பள்ளத்தில் தப்பினாலும் அந்த இரண்டும் உண்ணிப் பண்ணைதான். குட்டிகளை விட்டுவிடுவது அடுத்த தவறு. தாய்க்கு ஊற்றியது குட்டியைக் காக்காது, எடைக்கேற்ற அளவில் தனியாக ஊற்ற வேண்டும். ஈரக் கம்பளியில் ஊற்றினால் மருந்து வழிந்துபோகும். ஊற்றிய ஆடுகளை உடனே ஓடையில் இறக்காதீர்கள். பைரித்ராய்டு நீர்ப்பூச்சிகளுக்கு நஞ்சு.

தடுப்பூசியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது இருந்தால் ஆடு பிழைக்கும், வைரஸ் பெருக ஓர் உடல் குறையும். பழைய ஊசி சந்தையிலிருந்து போனது மேய்ப்பர்களுக்குப் பெரிய இழப்பு. நோய் இருக்கும் மேட்டில் வளர்ந்த தாயின் சீம்பாலே குட்டியை முதல் சில மாதங்கள் காக்கும். வெளியிலிருந்து வாங்கிய ஆடுகளை நேரே மேட்டில் விட்டால் சாவு அதிகம்.

மான் மிகுந்த மேட்டில் இதெல்லாம் செய்தும் உண்ணி குறையாமல் போகலாம். மானை வேலிக்கு வெளியே வைக்க முடியாத இடத்தில் ஆட்டுக்கு மட்டும் செலவழிப்பது வீண் என்றே சொல்வேன். முயலைச் சுட்டுக் குறைக்கும் பழைய வழக்கத்துக்கும் இடமில்லை. மலை முயலுக்கு 2021 மார்ச் முதல் ஸ்காட்லாந்தில் சட்டப் பாதுகாப்பு உண்டு. மான் இருக்கிற இடத்தில் முயலைக் குறைத்தாலும் பலன் எதிர்பார்க்க முடியாது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, 1 மீட்டர் சதுர வெள்ளைக் கம்பளியை ஹெதர் மேல் 10 மீட்டர் இழுத்து, ஒட்டியிருக்கும் நிம்ஃபை எண்ணுங்கள். மே, ஜூனில், செடி காய்ந்திருக்கும்போது, ஆண்டுதோறும் அதே தடங்களில். உண்ணியின் சுற்று முடிய ஏறக்குறைய 3 ஆண்டு ஆவதால் முதல் ஆண்டு எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

உண்ணிக்காடு:
நிலா, நம் பக்கத்து உதாரணம் ஒன்று. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் வைரஸும் இதே குடும்பம். அங்கே குரங்கு சாகும்; மாடு நோயுறாமல் வளர்ந்த உண்ணிக்குத் தீனியாகும். குரங்கின் இடத்தில் கிரவுஸையும் மாட்டின் இடத்தில் மானையும் வைத்துப் படித்தால் உங்கள் முதல் கேள்வி இன்னும் தெளிவாகும்.