1969 போரில் பறந்த கோர்சேர், மஸ்டாங் விமானங்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மத்திய அமெரிக்க நாடுகளான ஹோண்டுராஸுக்கும் எல் சால்வடோருக்கும் 1969 ஜூலை 14 அன்று மூண்ட போர் நான்கே நாளில் ஓய்ந்தது. உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதி ஆட்டங்கள் நெருப்பை மூட்டின என்றாலும், உள்ளே புகைந்தது நிலப் பிரச்சினைதான். ஹோண்டுராஸில் குடியேறியிருந்த சால்வடோர் மக்கள் சுமார் 3,00,000 பேர். அவர்களைத் துரத்தத் தொடங்கியதும் நிலைமை கைமீறியது. பிஸ்டன் எஞ்சின் போர் விமானங்கள் வானில் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தியது அதுவே கடைசி முறை. பிழைத்த விமானங்கள் என்ன ஆயின என்று தேடுகிறேன். எங்கே பார்த்தீர்கள், என்ன நிலையில் இருந்தது, எழுதுங்கள்.

*

வேலை நிமித்தம் ஹோண்டுராஸ் தலைநகர் தேகுசிகல்பா போனபோது தோன்கோன்தின் விமான நிலையத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் 609 என்ற எண் கொண்ட ஹோண்டுராஸ் கோர்சேரைப் பார்த்தேன். கேப்டன் பெர்னாண்டோ சோட்டோ ஓட்டிய அதே விமானம். ஜூலை 17 காலை, தன் கூட்டாளி செபெடாவின் துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டு, சால்வடோர் மஸ்டாங்குகள் அவரைத் துரத்தியபோது சோட்டோ குறுக்கே பாய்ந்து ஒன்றை வீழ்த்தினார். அதில் இருந்த கேப்டன் டக்ளஸ் வரேலா இறந்தார். அன்று பிற்பகலே இரண்டு சால்வடோர் கோர்சேர்களையும் வீழ்த்தினார். ஒருவர் பாராசூட்டில் தப்பினார், கேப்டன் கோர்டெஸ் தப்பவில்லை.

விமானத்தின் முன்னால் நின்றபோது எனக்கு வரேலாவும் கோர்டெஸும்தான் நினைவுக்கு வந்தார்கள். இறக்கையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் 20 மி.மீ. பீரங்கிக் குழாய்களை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சோட்டோவும் கோர்டெஸும் எதிரெதிரே ஓட்டியது ஒரே குடும்பத்து விமானத்தை. இரண்டுமே அமெரிக்கக் கடற்படை கழித்துவிட்டவை.

*

அண்ணா, நான் பார்த்தது ஆஸ்திரியாவில். சால்ஸ்பர்க் விமான நிலையத்தில் ஹேங்கர்-7 என்ற கண்ணாடிக் கூடம் இருக்கிறது. அங்கே உள்ள எஃப்4யூ-4 கோர்சேர் ஒரு காலத்தில் ஹோண்டுராஸ் விமானப்படையில் இருந்தது. இப்போது அமெரிக்கக் கடற்படையின் கருநீல வண்ணம். பளபளவென்று அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஹோண்டுராஸில் கழித்த வருஷங்களுக்கு அதன் உடம்பில் ஓர் அடையாளமும் இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அமெரிக்காவில் உள்ள கோர்சேர்கள் பலவற்றின் கதையும் இதுதான். 1970-களின் கடைசியில் ஹோண்டுராஸ் விற்றதை வாங்கிப் போனவர்கள், பழுது பார்த்த கையோடு அமெரிக்க வண்ணம் அடித்துவிட்டார்கள். வாங்குபவர்களுக்குப் பிடித்தது அந்த வண்ணம்தான். ஆனால் அவர்கள் வாங்கியிராவிட்டால் பாதி விமானம் பழைய இரும்புக்குப் போயிருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

சால்வடோரின் மஸ்டாங்குகள் முந்திக்கொண்டன, 1974-லேயே அமெரிக்காவுக்குப் போய்விட்டன. இரு நாடுகளும் அப்புறம் இஸ்ரேலிடமிருந்து பழைய பிரெஞ்சு ஜெட்களை வாங்கிக்கொண்டன. சால்வடோருக்கு ஊராகான், ஹோண்டுராஸுக்கு சூப்பர் மிஸ்டேர்.

*

தேடுபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வண்ணத்தை நம்பாதீர்கள், மூக்கைப் பாருங்கள். எஞ்சின் மூடிக்கு அடியில், நடுவில் ஒற்றைக் காற்றுவாய் இருந்தால் எஃப்4யூ-4. இடமும் வலமுமாக இரண்டு இருந்தால் எஃப்4யூ-5. இவை இரண்டும் ஹோண்டுராஸிடம் இருந்தவை. காற்றுவாயே இல்லாமல், மூன்று இதழ் புரொப்பெல்லர் இருந்தால் எஃப்ஜி-1டி, அதாவது சால்வடோர் வைத்திருந்த குட்இயர் தயாரிப்பு. இந்த வகைகளை மற்ற நாடுகளும் வைத்திருந்தன. அதனால் அடுத்து அமெரிக்கக் கடற்படை கொடுத்த வரிசை எண்ணைக் கேளுங்கள். 609-க்கு அது 124715. வண்ணம் எத்தனை முறை மாறினாலும் அந்த எண்ணை வைத்துப் பின்னோக்கிப் போகலாம். நான் போன இடங்களில் காவலருக்குத் தெரியாது, பட்டறை மெக்கானிக்கைக் கேட்டால் உடனே சொல்வார்.