ஓடாத இன்ஜினும் பழுதாகும்: பிளக்-இன் ஹைப்ரிட் கார் வைத்திருப்போர் அனுபவங்கள்

செருகிச் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் பெட்ரோல் இன்ஜினும் சேர்ந்த பிளக்-இன் ஹைப்ரிட் கார் வாங்கச் சென்றபோது விற்பனையாளர் முதல் உறவினர் வரை எல்லோரும் பேசியது மைலேஜைப் பற்றித்தான். பேட்டரியில் எவ்வளவு தூரம் ஓடும், பெட்ரோல் எவ்வளவு மிச்சமாகும் என்ற கணக்குகள் எளிதாகக் கிடைத்தன. வண்டியை வைத்துப் பராமரிப்பதில் என்னென்ன தொல்லைகள் வரும், அவை எதனால் வருகின்றன என்று சொல்லத்தான் ஆளில்லை. சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு, அதிகம் உழைக்கும் பாகங்களைவிட வேலையின்றிக் கிடக்கும் பாகங்களே இந்த வகை வண்டியில் முதலில் பழுதாகின்றன என்பது எனக்குப் புலப்பட்டது. அதை விளக்கவே இந்தப் பதிவை எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்க்க வேண்டுகிறேன்.

எனக்கு முதலில் நேர்ந்தது 12 வோல்ட் பேட்டரித் தொல்லை. நீண்ட விடுமுறைக்கு வெளியூர் சென்றபோது வண்டியைச் சார்ஜரில் செருகியபடியே நிறுத்தியிருந்தோம். திரும்பி வந்து சாவிப் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் சிறிய உலோகச் சாவியை உருவி, ஓட்டுநர் பக்கக் கதவை மட்டும் திறக்க முடிந்தது. பவர் பொத்தானை அழுத்தியதும் டேஷ்போர்டு விளக்குகள் மங்கலாக எரிந்து துடித்தன. பின்பக்கத்திலிருந்து ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) படபடவென்று அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது. அதன்பின் எல்லாம் அணைந்துவிட்டது. காரை ஓட்டும் பெரிய பேட்டரியில் முழுச் சார்ஜ் இருந்தது, டேங்கில் பெட்ரோலும் இருந்தது. இருந்தும் வண்டி அசையவில்லை.

காரணம் இதுதான். பல நூறு வோல்ட் கொண்ட பெரிய பேட்டரி, வண்டி நிற்கும் நேரமெல்லாம், பாதுகாப்புக்காக மற்ற பாகங்களிலிருந்து துண்டிக்கப்பட்டே இருக்கும். அதை இணைக்கும் கனமான ரிலேக்களை இயக்குவதும், வண்டியின் கணினிகளை விழிக்கச் செய்வதும் சிறிய 12 வோல்ட் பேட்டரியின் வேலை. வண்டி விழித்த பின்புதான், உயர் வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வழியாகப் பெரியது சிறியதற்குச் சார்ஜ் ஏற்றும். நிற்கும்போதோ, சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவரும் திருட்டு அலாரமும் செல்போன் செயலியோடு தொடர்பில் இருக்கும் மோடமும் சிறிய பேட்டரியைத்தான் சிறுகச் சிறுக உறிஞ்சுகின்றன. சார்ஜரைச் செருகி வைத்தால் இதற்கும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். சில மாடல்களில் பெரிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும் வரைதான் இதற்கும் ஏறும். பெரியது நிறைந்ததும் இரண்டும் நின்றுவிடும். என் வண்டி அந்த வகையைச் சேர்ந்தது.

மீட்பது எளிதாகவே இருந்தது. என் வண்டியில் இன்ஜினைச் சுழற்றுவது உயர் வோல்ட் மோட்டார் என்பதால், 12 வோல்ட் பக்கம் கணினிகளை எழுப்பும் அளவுக்கு மின்சாரம் கிடைத்தாலே போதும்; கையடக்கமான ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று அதைச் செய்துவிடும். ஆனால் பேட்டரி இருப்பது டிக்கியில், டிக்கியின் பூட்டோ மின்சாரத்தில் திறப்பது. அதற்காகவே பானெட்டுக்கு அடியில், ஃபியூஸ் பெட்டிக்குள், சிவப்பு மூடியிட்ட பாசிட்டிவ் முனை ஒன்று தனியாக வைத்திருக்கிறார்கள். உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்பதைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை வண்டியிலிருந்து கேபிள் போட்டு இன்னொரு காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று பல கையேடுகள் எச்சரிக்கின்றன. நல்லெண்ணத்தில்கூட அதைச் செய்யாதீர்கள். பேட்டரியை மாற்றும்போது அதே வகையைத்தான் போட வேண்டும். டிக்கிக்குள் இருக்கும் பேட்டரிகளுக்கு வாயு வெளியேறும் குழாய் ஒன்று உண்டு. அதை மீண்டும் பொருத்தினார்களா என்று நின்று பாருங்கள்.

அடுத்தது பெட்ரோல். தினமும் மின்சாரத்திலேயே ஓடினால் டேங்கில் இருக்கும் பெட்ரோல் மாதக்கணக்கில் அப்படியே கிடந்து பழசாகும். எளிதில் ஆவியாகும் பகுதி குறைந்து, பிசின் போன்ற படிவு உண்டாகி, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை அடைக்கும். தயாரிப்பாளர்கள் இதை அறிந்தே வடிவமைத்திருக்கிறார்கள். செவர்லே வோல்ட் என்ற காரில் இன்ஜின் சுமார் 6 வாரம் இயங்காமல் இருந்தால் பராமரிப்புக்காகத் தானே இயங்க அனுமதி கேட்கும்; பெட்ரோலின் சராசரி வயது ஓராண்டை நெருங்கினால் அது தீரும் வரை இன்ஜினில் ஓடும். ஆகவே, சார்ஜ் நிறைய இருக்கும்போதே இன்ஜின் திடீரென இயங்கினால் பழுது என்று பதறாமல் முதலில் கையேட்டைப் பாருங்கள். நான் இப்போது டேங்கை நிரப்புவதே இல்லை. பாதிக்கும் குறைவாகவே போட்டு, அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஓட்டித் தீர்க்கிறேன்.

* * *

நல்ல பதிவு, நண்பரே. பழைய பெட்ரோலைப் பற்றி எழுதினீர்கள். இன்ஜின் ஆயிலில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

என் அலுவலகம் அருகிலேயே இருப்பதால் போக வர பேட்டரியே போதும். ஆனால் மேம்பாலத்தில் ஏறும்போதோ ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தும்போதோ இன்ஜின் விழித்து, ஓரிரு நிமிடம் ஓடி நின்றுவிடும். ஒருநாள் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது அதன் அடிப்பக்கத்தில் வெளிர்மஞ்சள் நிறத்தில் வெண்ணெய் போன்ற படிவு ஒட்டியிருந்தது. அதைக் கண்ட மெக்கானிக், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று உடனே சொல்லிவிட்டார். நான் இசையவில்லை, கூலன்ட் அளவு இம்மியும் குறையாதபோது கேஸ்கெட் எப்படிப் போயிருக்கும் என்று கேட்டேன். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் தெளிவாகவே இருந்தது, ஆனால் அளவு மேல்கோட்டைத் தாண்டி நின்றது, பெட்ரோல் வாடையும் வீசியது. வேறொரு பணிமனையில் அழுத்தச் சோதனை செய்து, கேஸ்கெட் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

நடந்தது என்னவென்றால், குளிர்ந்த இன்ஜினில் கூடுதலாகப் பீய்ச்சப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலுக்குள் இறங்குகிறது; எரிதலில் உண்டாகும் நீராவியும் உள்ளே தங்கித் துளிகளாகிறது. இன்ஜின் நன்கு சூடாகி நெடுநேரம் ஓடினால் இவை இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு நிமிடம் ஓடி நிற்கும் இன்ஜினுக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குகளுக்குத்தான் கேடு. இன்ஜின் ஓடிய கிலோமீட்டர் குறைவுதானே என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவோரிடம் நான் வற்புறுத்திச் சொல்வது, காலத்தைக் கணக்கில் வைத்து ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள் என்பதுதான். இன்ஜின் வேண்டாத இடத்தில் பேட்டரியிலேயே மென்மையாக ஓட்டுங்கள். இன்ஜினில் ஓட்டுவது என்று முடிவு செய்தால், பேட்டரியைச் சேமிக்கும் மோடுக்கு மாற்றி, இன்ஜின் முழுச் சூட்டை எட்டிய பிறகும் நல்ல தூரம் ஓட விடுங்கள். அரைகுறையாக ஓடுவதுதான் அதற்கு ஆகாது.

* * *

பிரேக்கையும் இதில் சேர்க்க வேண்டும். வேகம் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை நிறுத்துவதால் பிரேக் பேடுகள் நெடுங்காலம் தேயாது என்பது உண்மை. பேடு தேயவில்லை என்பதாலேயே யாரும் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. எங்கள் வண்டியில் பின்சக்கர டிஸ்க்கின் உள்பக்கம் முழுவதும் துருவேறி, பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் நகரும் பின்கள் இறுகிப்போயிருந்தன. ஒரு பேடு புதிது போலிருக்க, எதிர்ப்பக்கப் பேடு உலோகம் வரை தேய்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியவில்லை. ஓட்டி நிறுத்திய பின் அந்தச் சக்கரம் மட்டும் கொதித்ததைக் கண்டுதான் சந்தேகம் வந்தது.

இப்போது ஆண்டுதோறும் கேலிப்பரைக் கழற்றி, பின்களைத் துடைத்து, அதற்குரிய கிரீஸ் தடவச் சொல்கிறோம். பேட்டரி முழுவதும் நிறைந்திருக்கும்போது மீட்கும் மின்சாரத்துக்கு உள்ளே இடமிராது என்பதால் வண்டி டிஸ்க் பிரேக்கையே அதிகம் நாடும். சார்ஜ் முடிந்து புறப்பட்டதும், பின்னால் வண்டி வராத இடத்தில் சில முறை அழுத்திப் பிடித்தால் டிஸ்க்கில் படிந்த துரு உரசிப் போய்விடும்.

* * *

மேலே எழுதியவை எல்லாம் வேலையின்றிக் கிடக்கும் பாகங்கள். என் வீட்டில் அளவுக்கு மீறி உழைத்துக் கெட்டது சுவரிலிருந்த பிளக் பாயிண்ட். 2013-ல் வந்த மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைப்ரிட்டின் பேட்டரி 12 கிலோவாட்-மணி. அதை 230 வோல்ட், 10 ஆம்பியரில் நிரப்பச் சுமார் 5 மணி நேரம் ஆகும். இடைவெளியின்றி அவ்வளவு நேரம், அதுவும் இரவுதோறும், அத்தனை மின்சாரம் இழுக்கும் வேறு பொருள் வீட்டில் அரிது. ஒருநாள் காலை பிளக்கை உருவியபோது பின் சுட்டது. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் படிந்திருந்தது. எலக்ட்ரீஷியன் திறந்து காட்டினார்: ஒரு ஸ்குரூ தளர்ந்து, அந்த முனையில் வயரின் மேலுறை கருகியிருந்தது.

காருக்கென மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்து, உரிய கனமுள்ள வயரும், மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் எம்சிபியும், மின்கசிவைக் கண்டறிந்து துண்டிக்கும் பிரேக்கரும் போட்ட பிறகே மனம் அமைதியானது. எர்த் சரியில்லாவிட்டால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். சார்ஜரில் கோளாறு என்று அதை மாற்றப் போகாதீர்கள். முதலில் எர்த்தைச் சோதியுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

* * *

பதிவைத் தொடங்கியவனாக மீண்டும் எழுதுகிறேன். பழைய பிளக்-இன் ஹைப்ரிட் வாங்கலாமா என்று தனிமடலில் கேட்ட அன்பருக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

வாங்கலாம் ஐயா. ஆனால் முந்தைய உரிமையாளர் அதை எப்படி ஓட்டினார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்காதீர்கள். 2021-ல் பதிவான கார்களின் எரிபொருள் தரவுகளை ஆராய்ந்து ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, பிளக்-இன் ஹைப்ரிட்கள் சாலையில் வெளியிடும் கரியமில வாயு, ஆய்வக அளவைவிடச் சராசரியாக 3.5 மடங்கு. எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் ஏற்றி ஓட்டாததே இதற்கு முக்கியக் காரணம். அத்தகைய ஒருவரிடமிருந்து வந்த வண்டியில் பேட்டரி அதிகம் உழைத்திருக்காது, இன்ஜின் முழுத் தூரத்தையும் ஓடியிருக்கும். சார்ஜ் கேபிள் உறை பிரிக்காமல் டிக்கியில் கிடந்தால் அதுவே போதிய சான்று. மின்சாரத்திலேயே ஓட்டியவரிடமிருந்து வந்ததென்றால், நம் நண்பர்கள் எழுதிய ஆயிலையும் பிரேக்கையும் ஒன்று விடாமல் பாருங்கள்.

பேட்டரியை எப்படிக் குளிர்விக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். செவர்லே வோல்ட் போன்றவற்றில் திரவம் சுழலும். அதற்குரிய கூலன்ட்டைத் தவிர வேறொன்றையோ குழாய்த் தண்ணீரையோ ஊற்றியிருந்தால் பெருஞ்செலவில் போய் முடியும். டொயோட்டா பிரியஸ் பிரைமின் முந்தைய மாடல் போன்றவற்றில் கேபின் காற்றை இழுத்தே குளிர்விக்கிறார்கள். அந்தக் காற்று நுழையும் வலையில் தூசியும் நாய்முடியும் அடைத்தால் பேட்டரி சூடேறி அதன் ஆயுள் குறையும். இருக்கையை ஒட்டியுள்ள அந்த வலையைக் கையால் தடவிப் பாருங்கள். ஆரஞ்சு நிற வயர்கள் போகும் இடங்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அவை உயர் வோல்ட் வயர்கள்.

சர்வீஸ் புத்தகத்தில் கிலோமீட்டரைவிடத் தேதிகளையே கூர்ந்து பாருங்கள். குறைந்த தூரம் ஓடிய வண்டி என்று பெருமையாகக் காட்டுவார்கள். இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு இடையே ஆண்டுகள் கடந்திருந்தால், விலையைக் குறைத்துப் பேசுவதற்கு முன் அந்த இன்ஜினை முழுச் சூட்டில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.